தோற்கிற பக்கத்து மைக்

எங்கள் ஊரில் விளையாட்டுப் போட்டிக்கு ஸ்கோர் போர்டு வைக்கிற பழக்கம் இருந்ததில்லை. தேவையும் இருக்கவில்லை. மைக் செட் பாய் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பார்த்தால் போதும். அவர் நிற்கிற பக்கம் தோற்றுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பழக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டு இருந்தது அவர் கடை. வாசலில் குழாய் ஸ்பீக்கர்களைக் கவிழ்த்து வைத்திருப்பார். உள்ளே ஆம்ப்ளிஃபயர், வயர் சுருள், சீரியல் பல்பு மூட்டை, எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு கேரம் போர்டு. கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊற்றுகிற திருவிழா, மாதா கோயில் தேர், சந்தனக்கூடு, கட்சிக் கூட்டம், எதுவானாலும் அவர் செட்டுதான். கட்டம் போட்ட லுங்கி, வெள்ளைச் சட்டை, பேனா இருக்க வேண்டிய பையில் ஒரு டெஸ்டர். அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். நாங்கள் யாரும் கேட்டதில்லை. பாய் என்றால் எங்களுக்கு அவர்தான்.

அவர் கடையில் கேரம் ஆடுவதைப் போலப் பேஜார் வேறு கிடையாது. யார் பின்தங்கியிருக்கிறானோ அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். "கட் பண்ணாத, நேரா போடு, பயப்படாத" என்று காதுக்குள்ளேயே ஓதுவார். அவர் பேச்சைக் கேட்டோ கேட்காமலோ அவன் நாலு காய் போட்டு முந்திவிட்டால், சத்தமில்லாமல் நகர்ந்து எதிராளியின் பின்னால் போய்விடுவார்.

"ஏன் பாய், இப்பதான என் பக்கம் இருந்தீங்க?"

"இப்ப உனக்கு இன்னாபா கொறச்சல்? சிவப்பு காய் உன் கையில கீது. அவனப் பாரு, மூஞ்சி சுருங்கிப் போயி குந்திக்கினு கீறான்."

தெருக்குழாயில் இரண்டு பேர் சண்டை போட்டாலும் இதே கதைதான். எந்த அம்மாவுக்கு வாய் குறைவோ அந்த அம்மாவுக்காக இவர் கடையை விட்டு இறங்கி வந்து பேசுவார். பாயே வந்துவிட்டார் என்ற தைரியத்தில் அந்த அம்மா குரலை உயர்த்தி நாலு கேள்வி கேட்டு, எதிர்க்கட்சி வாயடைத்து நின்றால், "சரி சரி, அத்தோட உடும்மா, அதுவும் பாவம்" என்று அந்தப் பக்கம் தாவிவிடுவார். கடைசியில் இரண்டு அம்மாக்களும் ஒன்றாகச் சேர்ந்து பாயைத் திட்டிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள். ஊரில் பல சண்டைகள் இப்படித்தான் தீர்ந்தன.

உள்ளாட்சித் தேர்தலில் ஒருவர் வார்டுக்கு நின்று தோற்றுப்போனார். ஜெயித்தவர் வீட்டில் வெடிச் சத்தம் காதைக் கிழித்துக்கொண்டிருந்தபோது, பாய் சீரியல் பல்பு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தோற்றவர் வீட்டுக்குப் போனார். யாரையும் கேட்கவில்லை. கூரை ஓரம் முழுக்கச் சுற்றி, சிவப்பும் பச்சையுமாக ஓடவிட்டுவிட்டார். தெருவில் போனவர்கள் பல்பைப் பார்த்துவிட்டு, இவர்தான் ஜெயித்துவிட்டார்போல என்று மாலையும் கையுமாக உள்ளே நுழைந்தார்கள். தோற்றவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினார். அவர் மகன் பாயை அடிக்க வந்தான்.

"ஜெயிச்சவன் வூட்ல எப்படியும் வெளிச்சம் இருக்கும் நைனா. நீங்க இருட்டுல குந்திக்கினு இருப்பீங்களேன்னு பார்த்தேன்" என்றார் பாய், பாவமாக.

பாயின் உதவியில் இது ஒரு சங்கடம். அவர் யார் பக்கம் சாய்கிறாரோ அவருக்கு நல்லதுதான் நடக்கும் என்று சொல்ல முடியாது.

எங்கள் காலேஜ் கால்பந்து டீமுக்கு அவர் சொந்தமாகிப்போனது இப்படித்தான். நாங்கள் தோற்பதில் அவ்வளவு நம்பகமானவர்கள். ராஜகுளத்தில் தோற்றோம். ஓரிக்கையில் ஆற்று மணல் ஒட்டிய மைதானத்தில் தோற்றோம். கூரத்தில் ஒரு பள்ளிக்கூட டீமிடமே தோற்றோம். எங்கே போனாலும் பாய் தன் டிவிஎஸ் ஃபிப்டியில் பேட்டரியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். யாரும் கூப்பிட வேண்டாம். மைக்கைப் பிடித்து அவரே கமென்ட்ரி சொல்வார். சாதாரணமாகப் பேசும்போது தொண்டை கட்டின மாதிரி இருக்கும் அந்தக் குரல், மைக்கில் வேறு ஆளாகிவிடும்.

"தோ நம்ம கோல்கீப்பர் தம்பி! பந்து உள்ள போச்சு, பரவால்ல! இன்னும் டைம் கீதுப்பா! எயுந்துரு, எயுந்துரு!"

கோல்கீப்பர் தம்பி நான்தான். 'இன்னும் டைம் கீதுப்பா' என்பது அவர் தாரக மந்திரம். ஐந்து கோல் வாங்கி, ரெஃப்ரி வாட்சைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் சொல்வார். ஆட்டம் முடிந்து நாங்கள் பூட்ஸ் கழற்றும்போதும், கையில் பன்னீர் சோடாவோடு வந்து அதையேதான் சொல்வார். எங்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் அந்தச் சோடாவைக் குடித்துவிட்டு மறுநாள் சாயங்காலம் பிராக்டிஸுக்குப் போகாமல் இருந்ததில்லை. அதற்கும் அவர் வந்து உட்கார்ந்திருப்பார்.

கடைசி வருடம் எப்படியோ நாங்கள் தோற்க மறந்துவிட்டோம். மண்டலப் போட்டியில் ஒவ்வொரு காலேஜாகத் தட்டித் தட்டிக் கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். அதுவும் எங்கள் ஊரில், எங்கள் மைதானத்தில். எதிராளி சென்னைப் பக்கத்துக் காலேஜ். பச்சை ஜெர்சி, தனி வேன், ஆளுக்கு ஒரு துண்டு. எங்களுக்கு மொத்தமாக இரண்டு துண்டுதான் இருந்தது, அதிலும் ஒன்று பி.டி. சாருடையது.

ஜெயிக்கிற டீமுக்கு யுனிவர்சிட்டி முத்திரை போட்ட சர்டிபிகேட். அது இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேக்கோ போலீசுக்கோ போகலாம். தோற்கிற டீமுக்கு ஆளுக்கொரு டிபன் பாக்ஸ். பி.டி. சார் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். என் நைனா கூலிக்குக் கழனி வேலை செய்கிறவர். டிபன் பாக்ஸ் கிடைத்தால் நானும் அதில் சோறு கட்டிக்கொண்டு அவரோடு போகலாம், அவ்வளவுதான். அன்றைக்கு அவர் வேலைக்குப் போகவில்லை. மைதானத்தை ஒட்டிய ஏரிக்கரைமேல் அம்மாவோடு வந்து உட்கார்ந்திருந்தார். அவர் என் ஆட்டத்தைப் பார்க்க வந்தது அதுதான் முதல் தடவை.

மைதானம் நிரம்பி வழிந்தது. டிராக்டர் டிராக்டராக ஆள் வந்து இறங்கியது. எங்கள் கேப்டன் சேகர் கோல் கம்பத்தடியில் எலுமிச்சம்பழம் புதைத்தான். பச்சை ஜெர்சிக்காரர்கள் பார்த்துச் சிரித்தார்கள். விசில் ஊதினதும் சிரிப்பு அடங்கிவிட்டது. முதல் கோல் சேகர் தலையால் முட்டினான். அடுத்த கோல் யார் காலில் பட்டு எப்படிப் போனது என்று இன்றுவரை எங்களுக்குள் வழக்கு நடக்கிறது. எப்படியோ போனது! இரண்டு பூஜ்ஜியம்! டிராக்டர்கள் ஹாரன் அடித்தன. ஏரிக்கரையில் நைனா எழுந்து நின்றுவிட்டார்.

அப்போதுதான் கவனித்தேன். எங்கள் பெஞ்சுக்குப் பக்கத்தில் இருந்த பாயைக் காணோம். மைக் வயரைத் தரையோடு இழுத்துக்கொண்டு, கோட்டோரமாகவே நடந்து, பச்சை ஜெர்சி பெஞ்சுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"பச்ச சட்ட தம்பிங்களா! தூரத்துலருந்து வந்துக்கீறீங்க, மனசு உடாதீங்க! இன்னும் டைம் கீதுப்பா!"

கூட்டம் கத்தத் தொடங்கியது. "யோவ் பாய், யார் ஊர் சோறுய்யா துன்ற?" என்று ஒருவர் கத்தினார். எங்கள் பிரின்சிபல் நாற்காலியிலிருந்து எழுந்து பி.டி. சாரை முறைத்தார். எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. மூன்று வருடம் எங்களோடு தோற்ற மனிதர், ஜெயிக்கிற அன்றைக்கு விட்டுவிட்டுப் போகிறாரே என்று வயிறெரிந்தது. சேகர்தான் ஓடிவந்து என் முதுகில் ஒரு அடி வைத்தான். அவன் முகமெல்லாம் பல்.

"டேய், பாய் அந்தாண்ட போயிட்டார்டா! அப்படின்னா இன்னா அர்த்தம்? நாம ஜெயிச்சிக்கினு கீறோம்டா!"

அதைக் கேட்டதும் உடம்பெல்லாம் சூடேறியது. ஆனால் சந்தோஷம் நிலைக்கவில்லை. இடைவேளைக்கு அப்புறம் பச்சை ஜெர்சிக்காரர்கள் பேய் பிடித்த மாதிரி ஆடினார்கள். ஒன்று போட்டார்கள். இன்னொன்று போட்டார்கள். மூன்றாவதும் என் கையைத் தாண்டிப் போனது. திரும்பிப் பார்த்தால் பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வயர் காலில் சிக்க, எங்கள் பெஞ்சைப் பார்த்து ஓடிவந்துகொண்டிருந்தார். அவர் வருவதைப் பார்த்த பிறகுதான் நாங்கள் தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்பதே எனக்கு உறைத்தது.

"கோல்கீப்பர் தம்பி! பரவால்ல, எயுந்துரு! இன்னும் டைம் கீதுப்பா!"

டைம் இருந்தது. ரெஃப்ரி விசிலை வாயில் வைக்கப் போகிற நேரத்தில் சேகர் காலை நீட்டி ஒன்று போட்டான். மூன்றுக்கு மூன்று! எல்லோரும் கத்தினோம். பாய் மட்டும் மைதானத்தின் நடுக்கோட்டில் போய் மைக்கை மடியில் வைத்துக்கொண்டு குந்திவிட்டார். சமமாக இருந்தால் அவருக்குப் பேச்சே வராது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

பொழுது சாயத் தொடங்கியிருந்ததால் நேரே பெனால்டி என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்துக்கு ஐந்து பேர் அடிக்க வேண்டும். ஏரிக்கரைப் பக்கத்து கோல். கம்பத்துக்கு ஒரு பக்கம் புளியமரம், அதனடியில் எங்கள் கூட்டம். இன்னொரு பக்கம் அவர்கள் வேன், அதை ஒட்டி அவர்கள் கூட்டம். எங்களில் ஐந்தாவதாக அடிக்க வேண்டியவனுக்குத் தொடை பிடித்துக்கொண்டது. பி.டி. சார் சுற்றிப் பார்த்துவிட்டு, "நீயே அடிச்சிடுடா" என்று என்னைக் காட்டினார்.

அவர்கள்தான் முதலில் அடித்தார்கள். கோல். நாங்களும் கோல். மறுபடி அவர்கள் கோல். எங்கள் இரண்டாவது அடி சேகர். எங்களில் இருப்பதிலேயே பெரிய ஆட்டக்காரன், பந்தை வானத்துக்கு அனுப்பினான். அவர்களுடைய மூன்றாவதும் கோல். பாய் கோல் வலைக்குப் பின்னால், புளியமரத்துப் பக்கமாக வந்து நின்றுவிட்டார். எங்கள் மூன்றாவது ஆள் போட்டும் அவர் நகரவில்லை. அப்போதும் நாங்கள் ஒன்று பின்னால்தான்.

அவர்களுடைய நான்காவது. நெட்டையான பையன். அடித்தான். தாவினேன். பந்து நெஞ்சில் மோதி வெளியே போனது! எங்கள் ஆள் ஓடிப்போய் அடித்தான். கோல்! மூன்றுக்கு மூன்று. பாய் மறுபடி பேச்சை நிறுத்திவிட்டார். அவர்களுடைய ஐந்தாவது பையன் பந்தை வைத்துவிட்டு என்னைப் பார்க்கவே இல்லை. அடித்தான், நான் விரலை நீட்டினேன், நகத்தில் உரசின பந்து கம்பத்தில் டங்கென்று அடித்து எங்கோ போனது!

நான் எழுந்து பார்த்தேன். பாய் வயரைச் சுருட்டிக்கொண்டு வேன் பக்கம் நடந்துகொண்டிருந்தார்.

நான் பார்த்ததைத்தான் ஊரும் பார்த்தது. "பாய் அந்தாண்ட போயிட்டாருப்பா! ஜெயிச்சுட்டோம்!" என்று யாரோ ஒருவர் கத்தினதுதான் தாமதம், புளியமரத்தடி மொத்தமும் மைதானத்துக்குள் பாய்ந்தது. என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். சரவெடி கொளுத்தினார்கள். பிரின்சிபல் பி.டி. சாரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நானும் தோள்மேல் உட்கார்ந்து கையை ஆட்டினேன். எங்கள் ஐந்தாவது அடி இன்னும் பாக்கி என்பது, அதை அடிக்க வேண்டிய எனக்கே மறந்துபோயிருந்தது!

ரெஃப்ரி கன்னம் உப்ப விசில் ஊதினார். யார் காதிலும் ஏறவில்லை. பச்சை ஜெர்சி மேனேஜர் அவரிடம் போய்க் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். கூட்டம் உடனே வெளியே போகாவிட்டால் ஆட்டத்தை அவர்களுக்கே கொடுத்துவிடுவேன் என்று ரெஃப்ரி பி.டி. சாரிடம் சொன்னார். பி.டி. சார் முகத்தில் ரத்தமே இல்லை. அவர் கத்தின கத்தல் வெடிச் சத்தத்தில் கரைந்துபோனது. சர்டிபிகேட் கண்ணெதிரே டிபன் பாக்ஸாக மாறிக்கொண்டிருந்தது.

அப்போது குழாய் ஸ்பீக்கர் நாலும் ஒன்றாக அலறின.

"ஏய்! யார்ரா வெடி உட்டது? மேட்ச் முடியல! இன்னும் டைம் கீதுப்பா! அந்தப் புள்ளய எறக்கி உடுங்க! எல்லாரும் வெளிய போங்க!"

அந்தக் குரலுக்கு ஊர் பழகியிருந்தது. தேர் ஓடும்போது வயர்மேல் ஆள் ஏறாமல் விலக்கிய குரல் அல்லவா. என்னை இறக்கிவிட்டு எல்லோரும் கோட்டுக்கு வெளியே போனார்கள். பாயைக் கும்பிட வேண்டும்போல இருந்தது. பந்தை எடுத்து வைத்தேன். அப்புறம்தான் அவர் மறுபடி மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார்.

"பச்ச சட்ட கீப்பர் தம்பி! பயப்படாத! இவன் எங்க புள்ளதான், எனக்குத் தெரியும். இவன் எப்பவுமே புளியமரத்து பக்கந்தான் அடிப்பான்!"

உண்மை. எனக்கு வேறு பக்கம் அடிக்கவே வராது. தினமும் பிராக்டிஸில் உட்கார்ந்து பார்த்தவருக்குத் தெரியாதா? கூட்டம் ஊளையிட்டது. பி.டி. சார் ஓடிப்போய் மைக்கைப் பிடுங்கினார். பிடுங்கி என்ன? சொன்னது சொன்னதுதான். பச்சை ஜெர்சி கீப்பர் புளியமரத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டான். தலையைக்கூட ஆட்டினான், பாயைப் பார்த்து.

ஏரிக்கரையைப் பார்த்தேன். நைனா தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றார். இதுவரை எந்த மேட்ச்சிலும் வராத கோபம் எனக்கு வந்தது. பாய் மேல். வேன் பக்கம் அடிப்பது என்று முடிவு செய்தேன். ஓடினேன். அடித்தேன் என்று சொல்வதுகூட அதிகம், பெருவிரலில் இடறின மாதிரிதான் பட்டது. கீப்பர் புளியமரத்துப் பக்கம் முழு உடம்பையும் எறிந்துவிட்டான். பந்து எதிர்ப்பக்கம், வேன் பக்கத்து மூலைக்கு, தத்தித் தத்தி, நாலு இடத்தில் யோசித்து, உருண்டு, உருண்டு, கோட்டைத் தாண்டியது.

கோல்! அப்புறம் யார் என்னைத் தூக்கினார்கள், எந்த டிராக்டரில் ஏற்றினார்கள் ஒன்றும் தெரியாது. நைனா கரையிலிருந்து ஓடிவந்து என் காலைப் பிடித்துக்கொண்டார், அவர் கைக்கு எட்டியது அதுதான். அம்மா அழுதுகொண்டே எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தது. சுழற்கோப்பை கைக்குக் கை மாறி என்னிடம் வந்தது. போட்டோ எடுக்க வரிசையாக நிற்கச் சொன்னார்கள். "பாய் எங்க? பாயைக் கூப்டு" என்றேன். கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"அந்தாளா? இந்தக் காலேஜ் கேட்டுக்குள்ள இனிமே அந்தாள் செட்டு வராது" என்றார் பிரின்சிபல்.

நான் கோப்பையைத் தூக்கிக்கொண்டே தேடிப் போனேன். ஏரிக்கரைப் பக்கத்து கோல் கம்பத்தடியில் பச்சை ஜெர்சி கீப்பர் முழங்காலில் முகத்தைப் புதைத்துக் குந்தியிருந்தான். பக்கத்தில் பாய், கையில் உடைத்த பன்னீர் சோடா. பையன் அதைத் தட்டிவிட்டிருக்கிறான், வெள்ளைச் சட்டையெல்லாம் சோடா.

"உங்களாலதான் சார் போச்சு. நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் தாவாம நின்னே புடிச்சிருப்பேன்" என்றான் அவன், அழுதுகொண்டே.

"ஆமாம்பா. என் வாயாலதான் கெட்டுச்சு" என்றார் பாய். மறுக்கவே இல்லை. மடியிலிருந்து இன்னொரு சோடாவை எடுத்து உடைத்தார்.

"பாய்" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். "ஒண்ணு கேட்கறேன், மறைக்காம சொல்லுங்க. புளியமரம்னு மைக்ல சொன்னீங்களே, நான் உஷாராயிடுவேன்னு எனக்காகத்தான சொன்னீங்க?"

ஆமாம் என்று சொல்லுவார் என்று நிஜமாகவே நம்பினேன். கண்ணடிப்பார் என்றுகூட எதிர்பார்த்தேன். அவர் புரியாமல் பார்த்தார்.

"உனக்காகவா? இல்லியே. இவனுக்காகத்தாம்பா சொன்னேன். அப்ப தோத்துக்கினு இருந்தது இவன்தான?"

"அப்ப நான்?"

"உனக்கு இன்னாபா? கோப்பை கீது, வேலை வரும், தோ ஊரே கீது. போ போ, போட்டோக்கு நிக்கறாங்க பாரு."

வேலை வந்தது. ரயில்வேயில். ஆர்டர் வந்த அன்று ஸ்வீட் பாக்ஸோடு கடைக்குப் போனேன். "நல்லாருப்பா" என்று ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, கேரமில் தோற்றுக்கொண்டிருந்தவன் பக்கம் திரும்பிவிட்டார். அதற்கு நான் பழகிக்கொள்ளச் சில வருடம் ஆயிற்று.

அன்றைக்கு மைதானத்தில், போட்டோவுக்குப் போ என்று பாய் சொன்னதைக் கேட்டு நான் போகவில்லை. கோப்பையை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். டிராக்டர்கள் கிளம்பிக்கொண்டிருந்தன. யாரோ வலையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். பாய் ஈரச் சட்டையோடு அந்தப் பையன் பக்கத்தில் இன்னும் நெருங்கிக் குந்தி, அவன் முதுகில் கை வைத்து, மைக்கே இல்லாமல், தொண்டை கட்டின அந்தச் சாதாரணக் குரலில், "எயுந்துரு தம்பி, இன்னும் டைம் கீதுப்பா" என்றார். அவன் தலையைத் தூக்காமலே கையை நீட்டிச் சோடாவை வாங்கிக்கொண்டான். அந்த மைதானத்தில் கோப்பையை வைத்திருந்தவன் நான். ஆனாலும் சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பையன்மேல் எனக்கு அவ்வளவு பொறாமையாக இருந்தது.